லைக்கா 105 போன விலை 1 கோடியே 44 லட்சம் அல்ல!

இருட்டறை: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார், 2022 ஜூனில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகர ஏலத்தில் லைக்கா 0-சீரிஸ் 105ஆம் எண் கேமரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனதாம். தவறு. சுத்தியல் விழுந்தது 1 கோடியே 20 லட்சத்தில். மீதி 24 லட்சம், வாங்குபவரிடம் ஏலக்காரர்கள் தனியாக வசூலிக்கும் கட்டணம். அதையும் சேர்த்துக் கேமராவின் விலை என்று எழுதினால் எரிச்சல் வருகிறது.

கிளிக்முருகு: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். வாங்கியவர் கையை விட்டுப் போனது 1 கோடியே 44 லட்சம். அதுதான் விலை.

இருட்டறை: மனை வாங்கினால் பத்திரச் செலவும் கொடுக்கிறோம். மனை என்ன விலை என்று கேட்டால் அதையும் சேர்த்தா சொல்வோம்? 1 கோடியே 20 லட்சம்.

கிளிக்முருகு: 2018இல் வியன்னாவில் 122ஆம் எண் போனபோது 24 லட்சம் என்று இங்கே எழுதியது நீங்கள். அதுவும் கட்டணம் சேர்ந்த தொகைதான். பழைய பதிவு அப்படியே இருக்கிறது.

இருட்டறை: அது வேறு பேச்சு.

ஃபிலிம்செல்வி: 105க்கு ஏலக்காரர்கள் முன்கூட்டியே போட்ட முன்மதிப்பே 20 முதல் 30 லட்சம்தான். அவ்வளவு ஏறியதற்குக் காரணம் அது லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் தானே வைத்திருந்த கேமரா. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் மேல் அவர் பெயர் பொறித்திருக்கிறது. 1925இல் லைக்கா விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகச் செய்த இருபத்துச் சொச்சத்தில் ஒன்று. ஃபிலிமைச் சுற்றும்போது லென்ஸை மூடியால் மூட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் புகுந்துவிடும். அதைப் பற்றிப் பேசுங்களேன்!

இருட்டறை: முன்மதிப்பு கட்டணம் சேராத தொகை, மேடம். அதோடு ஒப்பிட வேண்டியது 1 கோடியே 20 லட்சம். நீங்களும் என் கட்சிதான்.

ஃபிலிம்செல்வி: நான் யார் கட்சியும் இல்லை.

தாத்தாவீடு: அண்ணா, எங்கள் தாத்தாவின் பெட்டியில் கழுகுச் சின்னம் போட்ட லைக்கா இருக்கிறது. எவ்வளவு போகும்?

இருட்டறை: லென்ஸைக் கழற்றிப் பாருங்கள் தம்பி. உள்ளே, தூரம் கணிக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் கை முனையில் சின்ன உருளை இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஆப்பு போல உலோக நாக்கு இருந்தால் அது லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமரா, ஃபெட் அல்லது ஜோர்க்கி. அதன் மேல் லைக்கா என்று பொறித்து விற்பது பழைய தொழில். முப்பது வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளிக்முருகு: முப்பது வருட அனுபவம்தான் பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் என்று சொல்லி என் தலையில் கட்டியதா?

இருட்டறை: மூன்று நாள் வைத்திருந்து பார்த்துத்தான் வாங்கினீர்கள். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் எந்த லென்ஸிலும் பூஞ்சை வரும். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் போடச் சொன்னேன், கேட்கவில்லை. இப்போது விலைக்கு வாருங்கள்.

கிளிக்முருகு: வருகிறேன். விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பது ஏல வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் 1 கோடியே 20 லட்சத்தை யாரும் கொடுக்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை.

இருட்டறை: கூடத்தில் எல்லார் காதிலும் விழுந்த கடைசி ஏலக் கேள்வி அது. அதற்கு மேல் ஒரு யூரோகூட யாரும் கேட்கவில்லை.

தாத்தாவீடு: கழற்றிவிட்டேன் அண்ணா. உருளை இல்லை, நாக்குதான்.

இருட்டறை: படம் போடுங்கள் தம்பி, பார்க்கலாம். அப்புறம் முருகு, 1 கோடியே 20 லட்சம்.