போடி ரயிலும் அம்மாவின் தண்ணீர் பாட்டிலும்

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர், வாக்கப்பட்டது மதுரையில். மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. அகலப்பாதை போட்டதும் ஓடும் என்றார்கள். மொத்தமே 90 கிலோமீட்டர்தான். தேனி வரை வருவதற்கு 2022 மே மாதம் ஆனது, போடிக்கு 2023 ஜூன். ரயில் நின்ற வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகன், அது திரும்பி வந்தபோது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அதுவரை பஸ்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். உசிலம்பட்டியில் பஸ் நிற்கும். ஆனால் இறங்கி பாத்ரூம் போய் வருவதற்குள் எடுத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது. ஒருமுறை மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் சொன்னார். எத்தனை பெண்கள் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு பயணம் போகிறார்களோ!

சரி, ரயில் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன். ஆனால் அந்த வண்டி காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, சாயங்காலம்தான் போடியிலிருந்து திரும்புகிறது. காலையில் மதுரைக்கு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருபவர்களுக்கு அது உதவவில்லை. என் அண்ணன் இன்னமும் பஸ்தான், பக்கத்து வீட்டுப் பையன்கள் பைக்கிலேயே வந்து போகிறார்கள். காலையில் போடியிலிருந்தும் ஒரு வண்டி கட்டாயம் வேண்டும்.

அம்மா மட்டும் ரயிலை விடவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஏறி வந்துவிடுகிறார். மறுநாள் டாக்டர், அன்றைக்கும் எங்கள் வீட்டில் தங்கல், அதற்கடுத்த நாள் காலை வண்டியில் ஊருக்கு. பஸ்ஸில் வந்த காலத்தில் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்தே கிளம்பிவிடுவார். இப்போது இரண்டு ராத்திரி பேசிக்கொண்டே கிடக்கிறோம்.

போன முறை நானும் கூடப் போனேன். ஆண்டிபட்டி கணவாய் வந்ததும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். வெளியே பார்த்தபடியே அரை பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். "வெயில்ல வந்திருக்க, குடி தாயி" என்றார்.