திறந்த பொருளாதாரம் எங்கள் வீட்டுக்குள் செய்தது: அனுபவப் பகிர்வு

வலிகாமம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அண்மையில் ஒரு கூட்டத்தில் இளம் பேச்சாளர் ஒருவர், 1977இல் இறக்குமதிக்கும் வெளிநாட்டு முதலீட்டுக்கும் நாட்டின் கதவைத் திறந்திருக்காவிட்டால் இலங்கை உருப்பட்டே இருக்காது என்று அடித்துச் சொன்னார். முன்வரிசையில் கமக்காரர்கள் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. புள்ளிவிபரத்தை அறிக்கைகளில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் காணியில், சம்பளத்தில், அடுப்படியில் இந்தக் கொள்கை என்ன செய்தது என்று கண்டதை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

1970 முதல் 1977 வரை, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில், செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு அது பொற்காலம். அப்பாவுக்கு எட்டுப் பரப்புத் தோட்டம். துலா மிதித்து இறைத்த கிணற்றுக்கு மிளகாய்க் காசில் இறைப்பு மெஷின் வந்தது. அக்காவின் கலியாணம் மிளகாய்க் காசு. நான் பல்கலைக்கழகம் போனதும் அதே காசில்தான். எங்கள் ஒழுங்கையில் உள்ள கல்வீடுகளில் பாதி அந்த வருடங்களில் எழும்பியவை.

1977 நவம்பரில் புதிய அரசின் நிதியமைச்சர் ரொனி டி மெல்லின் வரவு செலவுத் திட்டம் வந்தது. இறக்குமதி திறந்தது, ரூபாவின் பெறுமதியும் விழுந்தது. அடுத்த போகத்துக்குள் இந்திய மிளகாய் கொழும்புச் சந்தையில் குவிந்துவிட்டது. அப்பா விலை ஏறும் என்று நம்பி மூட்டைகளை நடு அறையில் அடுக்கி வைத்தார். மாதக்கணக்கில் கிடந்தன. மாரி வந்தது, ஈரம் பிடித்தது, சிவப்பு மங்கிக் கறுத்துப்போனது. அம்மா தினமும் ஒரு மூட்டையை அவிழ்த்து முற்றத்தில் பாயில் பரப்பிக் காயவைத்துத் திரும்பக் கட்டுவார். கடைசியில் வியாபாரி சொன்ன விலை இறைப்புக் கூலிக்கும் உரத்துக்கும் போதவில்லை. அடுத்த வருடம் மூன்று பரப்பு ஈட்டுக்குப் போனது.

போட்டியில் தோற்றவர்கள் என்று எங்களைச் சொல்கிறார்கள். மாறிக்கொள்ள அவகாசம் தந்தார்களா? களஞ்சியம் கட்டித் தந்தார்களா? ஒரு கையெழுத்தில் சந்தையைத் திறந்துவிட்டு, விழுந்தவன் திறமை இல்லாதவன் என்று தீர்ப்பும் எழுதினார்கள். அப்புறம் போர் வந்தது, எல்லாக் கதையும் போருக்குள் அடங்கிவிட்டது. ஆனால் எண்பதுகளில் எங்கள் இளைஞர்கள் கொண்ட கோபத்தில் இந்தத் தோட்டக் காசு போன கதைக்கும் பங்கு உண்டு என்பதே என் எண்ணம்.

ஹட்டன், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள்

ஐயா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் நீங்கள் பொற்காலம் என்று சொல்லும் அந்த வருடங்கள் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், வேறு மாதிரி. 1973, 74இல் தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுத்த அரிசி, மா எல்லாம் வெட்டப்பட்டது. எங்களுக்கு நெல் விளைவிக்க வயல் இல்லை, கூப்பனை விட்டால் கதி இல்லை. மரவள்ளியும் காட்டுக் கீரையும் தின்று உயிர் பிழைத்ததாக அம்மாயி சொல்வார். தோட்டங்களை அரசு எடுத்தபோது பல இடங்களில் எங்கள் ஆட்களை அடித்து விரட்டினார்கள். கேட்க நாதி இல்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு வாக்கு இல்லை. இடதுசாரிக் கட்சிகள் அமைச்சரவையில் இருந்த காலம் அது. தொழிலாளிக்கு இடமில்லாத தேசியமயமாக்கலை சோசலிசம் என்று சொல்ல என்னால் முடியாது. இன்றைய கொள்கையை விமர்சிப்பவர்கள் முதலில் இதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

சரி, பின்னால் வந்ததையும் சொல்கிறேன். 1992இல் தோட்ட நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். காணி அரசுடையது, லாபம் கம்பனியுடையது. எங்கள் மலையில் மறுநடுகை நின்றது, கிழட்டுத் தேயிலையில் கொழுந்து குறைந்தது, பற்றை வளர்ந்து பாம்பும் குளவியும் வந்தன. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. வருடக்கணக்காகக் கத்தி வாங்கிய ஆயிரம். அதே மாதத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, பறிக்கவேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். அந்தக் கிலோ வராவிட்டால் அரைப் பேர்.

அம்மாவுடன் ஒருநாள் நிறுவைக்குப் போனேன். மழை நாள். கூடைக்கு ஒரு கழிவு, தண்ணீருக்கு ஒரு கழிவு. தராசைப் பார்த்து எழுதுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிய அம்மாவின் முதுகில் இருந்து இறங்கிய கூடை, கணக்குப் புத்தகத்தில் ஏறிய எண்ணைவிட நல்ல பாரம். "கேட்டா நாளைக்கு மோசமான மலைக்கு அனுப்புவாங்க, சும்மா இரு" என்றார். சம்பளம் கூடிய வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த காசு குறைந்தது.

கொழும்பு, அரசாங்க ஊழியரின் மகன்

நான் சுருக்கமாக எழுதுகிறேன், நீட்டினால் மனம் தாங்காது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் வேலை இழந்த நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். கேட்டது சம்பள உயர்வு. ரூபா விழுந்து, 1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்து, விலை ஏறிக்கொண்டே இருந்த நேரம். வேலையை விட்டவர்களாகக் கருதப்படுவதாக அறிவித்துவிட்டார்கள். அவ்வளவுதான். நடைபாதையில் பேனை, சீப்பு விற்றார் அப்பா. தற்கொலை செய்துகொண்ட சக ஊழியர்களின் மரண வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

திறந்த சந்தைக்கு முதலில் தேவைப்பட்டது வாய் மூடிய தொழிற்சங்கம் என்று அப்பா சொல்வார். வெளிநாட்டு முதலீட்டாளருக்குக் காட்டிய உறுதிமொழி அந்த ஜூலை.

வவுனியா, முன்பு கட்டுநாயக்கவில் தையல் வேலை செய்தவர்

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் திறந்தது. நான் போனது போருக்குப் பிறகு. தகரக் கூரை போடிங், ஓர் அறையில் நாலு பேர், காலையில் குளிக்க வரிசை. வேலைத் தளத்தில் ஒவ்வொரு லைனுக்கும் முன்னால் ஒரு பலகை. மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று ஒரு எண், அதற்குப் பக்கத்தில் நாங்கள் முடித்த எண். இரண்டாவது எண் பின்னால் போனால் சூப்பர்வைசரின் குரல் மேலே போகும். கழிப்பறைக்குப் போக அட்டை வாங்கவேண்டும், ஒரு லைனுக்கு ஒரு அட்டை. தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகினோம். சிறுநீரகத்தில் வருத்தம் வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இதற்கெல்லாம் ஈடாக எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் எங்கள் 8 வீதம், முதலாளியின் 12 வீதம். கலியாணம், வீடு, காணி எல்லாக் கனவும் அந்தப் பணத்தில். அதனால்தான் 2011இல் எங்கள் சம்பளத்தில் மேலும் பிடித்து ஓய்வூதிய நிதி அமைக்கும் சட்டமூலம் வந்தபோது வலயமே தெருவில் இறங்கியது. ஐந்தாறு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பெண்களுக்கு அந்த ஓய்வூதியம் எட்டாத கனி. மே 30ஆம் திகதி பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலத்தைக் கைவிட்டார்கள்.

2023இல் சுடவேண்டிய தேவை இருக்கவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஜூலை முதலாம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் கடன் பத்திரங்களை, தொடவில்லை, தொட்டால் வங்கிமுறை ஆட்டம் காணும் என்றார்கள். சேமலாப நிதிக்குச் சொன்னது வேறு. பழைய முறிகளைத் தந்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளை எடு, இல்லையென்றால் உன் வருமான வரி 14 வீதத்தில் இருந்து 30 வீதமாகும். நிதிக்குச் சொந்தக்காரர்களான எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிக வட்டிக்கு அரசுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த தனியாருக்குச் சேதாரம் இல்லை. தண்ணீர் குடிக்காமல் தைத்துச் சேர்த்த பணத்தின் வட்டியை வெட்டி நாட்டுக் கணக்கைச் சரிசெய்தார்கள்.

கொழும்பு, வங்கி ஊழியர்

வருத்தமான கதைகள், மறுக்கவில்லை. ஆனால் 2022இல் நாட்டில் டொலர் இல்லை. எரிவாயு சிலிண்டருக்கு நாள் முழுக்க நின்றதை எல்லோரும் கண்டோம். சர்வதேச நாணய நிதியம் தராவிட்டால் மருந்துகூட வந்திருக்காது. மாற்று என்ன என்று ஒருவரும் சொல்லவில்லையே?

வலிகாமம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, நியாயமான கேள்வி. டொலர் ஏன் இல்லாமல் போனது என்று அதற்கு முன்னால் கேட்கவேண்டும். 1977இல் இருந்து விற்றதைவிட வாங்கியது அதிகம். இடைவெளியை மத்திய கிழக்கில் வேலை செய்யும் பெண்களின் காசு கொஞ்சம் நிரப்பியது. 2007க்குப் பிறகு சர்வதேச முறிகள் என்று உயர் வட்டிக்கு வாங்கி மிச்சத்தை நிரப்பினார்கள். 2019 கடைசியில் வற் என்ற பெறுமதி சேர் வரியை 15இல் இருந்து 8 வீதமாக வெட்டி, செல்வந்தரின் வருமான வரியையும் குறைத்தார்கள். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததற்கு கொரோனா மட்டும் காரணம் இல்லை. காலஞ்சென்ற பொருளியலாளர் எஸ்.பி.டி. டி சில்வா வாழ்நாள் முழுக்க இதைத்தான் எழுதினார்: இங்கே முதல் வைத்திருப்பவர்கள் வாங்கி விற்பதில் பிழைக்கிறார்கள், உற்பத்தியில் இறங்குவதில்லை. கதவைத் திறந்ததும் அவர்கள் கடையைப் பெருப்பித்தார்கள், தொழிற்சாலையை அல்ல.

2023 மார்ச்சில் கிடைத்தது இலங்கையின் 17ஆவது நிதியத் திட்டம். முந்திய பதினாறும் இதே மருந்து. மாற்று இருக்கிறது. சொத்துக்கு வரி போடலாம். முறி வைத்திருந்த வெளிநாட்டு நிதிகளிடம் கடனில் கூடுதலாகக் கழிக்கச் சொல்லியிருக்கலாம். விளைச்சல் நேரத்தில் வெங்காயத்தையும் கிழங்கையும் இறக்காமல் இருக்கலாம், இறக்குமதி உணவுப் பொருட்களுக்குப் போடும் விசேட பண்ட வரி என்று ஒரு கருவி ஏற்கெனவே கையில் உண்டு. சொத்து வரிப் பேச்சு தள்ளித் தள்ளிப் போகிறது. ஆனால் வற் 18 வீதம் 2024 ஜனவரி முதலாம் திகதி தவறாமல் வந்தது.

ஹட்டன் பிள்ளை சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊருக்கு விலை கிடைத்த அதே வருடங்களில் மலையில் பட்டினி என்பதை இங்கே பேசுவோர் குறைவு. இனிமேல் எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

கிளிநொச்சி, கூட்டுறவுச் சங்க உறுப்பினர்

மாற்று என்ன என்று கேட்ட தம்பிக்கு என் பக்கத்துக் கதை. மீள்குடியேறி வந்தபோது எங்களிடம் தறப்பாளும் கிணறும்தான் இருந்தன. அரச முதலீடு வரும் என்று பார்த்தோம், நுண்கடன் கம்பனிகள் வந்தன. சந்தை உங்களைத் தூக்கிவிடும், தொழில்முனைவோர் ஆகுங்கள் என்றார்கள். கோழி வளர்க்க எடுத்த கடனை அடைக்க இன்னொரு கம்பனியில் கடன், அதை அடைக்கக் காதுத் தோடு. ஐந்து பெண்களைக் குழுவாகக் கட்டி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்டவேண்டும் என்று விதி. கிழமைக்கு ஒருநாள் சேகரிப்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து திண்ணையில் இருப்பார். காசு கைக்கு வரும்வரை எழும்பமாட்டார், இருட்டினாலும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பகையானது அந்தத் திண்ணையில். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர், சில கடன்களில் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போகிறது என்று பதிவுசெய்தார். அந்த வருடம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு பகுதிக் கடனை அரசு தள்ளுபடி செய்தது. ஆனால் புதுக் கடன் வாங்க வேறு இடம் இல்லாததால் பலர் திரும்பவும் அதே வாசலில் நின்றார்கள்.

எங்கள் ஊரில் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தைத் திரும்ப எழுப்பினோம். சேமிப்பு எங்களுடையது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதும் நாங்கள், வட்டியும் அந்தக் கம்பனிகள் வாங்கியதில் சின்னப் பங்கு. நெல் வெட்டும்வரை தவணையைத் தள்ளிவைக்கிறோம். கட்ட முடியாதவள் கூட்டத்தில் வந்து காரணம் சொல்வாள், திண்ணையில் யாரும் போய் இருப்பதில்லை. இதைச் சின்ன வேலை என்று சொல்லாதீர்கள். இரண்டு மாதத்துக்குள் தோட்டை மீட்டவர்கள் இருக்கிறார்கள்.

மூலதனம்தான் போதாது. சேமிப்பு முழுக்கக் கடனாகப் போனபின் வருபவர்களைக் காத்திருக்கச் சொல்லவேண்டியிருக்கிறது, அவர்களுக்கோ போகம் காத்திருக்காது. மக்கள் வங்கி கிராமியக் கடனுக்கென்று தொடங்கிய வங்கி, 1961இல். அரச வங்கிகள் குறைந்த வட்டியில் சங்கங்களுக்கு ஒரு தொகை ஒதுக்கட்டும் என்று மாவட்டத்துச் சங்கங்கள் சேர்ந்து கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். தம்பி, நீங்கள் வங்கியில் இருப்பவர். அந்தக் கணக்கை எப்படி எழுதினால் நிராகரிக்க முடியாது என்று சொல்லித் தந்தால் பெரிய உதவி.