ஞாயிறு டூமட் போக மகனுக்கு காரில் ஒரு சீட் கிடைக்குமா?

ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊர்த் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம். மகன் இந்த வருடம் குரூப் 9 ரக்பி லீக்கில் (நம்ம வட்டார ஊர்களின் கிளப்கள் மோதும் ரக்பி போட்டி), நம்ம ஊர் கிளப்பின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான். டூமட், குண்டகாய், யங், டெமோரா, ஜூனி என்று ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு டூமட்டில் ஆட்டம். போக மட்டுமே சுமார் 100 கி.மீ. எனக்கு அன்று டியூட்டி, மாற்ற ஆள் கிடைக்கவில்லை.

போன வாரம்தான் முதல் ட்ரை வைத்தான், அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தான். நாலு புள்ளிதான், ஆனால் முழங்காலெல்லாம் சேறு அப்பியபடி வேலியோரம் என்னைத் தேடி ஓடி வந்தான். இந்த வாரம் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

யாராவது அந்தப் பக்கம் போகிறீர்களா? காலையில் உங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறேன். பெட்ரோல் செலவு என்னுடையது. அப்புறம், பத்தாம் நம்பர் பழைய பூட்ஸ் இருந்தாலும் சொல்லுங்கள்.