புதுப்பிப்பு: ஆறு பேர் இரண்டு பேரானார்கள்

என் கதாநாயகி தனியாளாக ஆறு பேரை அடிக்கும் காட்சி பொம்மைச் சண்டை போல இருக்கிறது, என்ன படிக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். படிக்காதே, போய் ஒரு வகுப்பில் நில் என்று பலர் சொன்னீர்கள். நின்றேன். ஜூடோ, மூன்று வாரம்.

முதல் வாரம் முழுக்க விழத்தான் பயிற்சி. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கையால் விரிப்பில் பட்டென்று அறைந்து விழவேண்டும். இல்லையென்றால் பின்மண்டை போய் மோதும். அப்புறம் பிடி. எதிராளியின் சட்டைக் கழுத்தையும் கையையும் இரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்ததில் முன்கை கல்லாகிவிட்டது; தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. அந்த மூடி அப்படியே கதைக்குள் போய்விட்டது.

குத்துச்சண்டை பழகிய நண்பர் இன்னொரு ஓட்டையைக் காட்டினார். வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள கையெலும்பு எளிதில் முறியும். தொழில்முறை ஆட்டத்திலேயே 3 நிமிடச் சுற்று முடிந்ததும் 1 நிமிடம் ஓய்வு உண்டு. என் நாயகி பத்துப் பக்கம் ஓயாமல் குத்திக்கொண்டிருந்தாள், பாவம்.

சரி, ஆறு பேரை இரண்டாக்கிவிட்டேன். ஒருவன் தடுக்கி விழுகிறான், மற்றவன் ஓடிவிடுகிறான். அவளோ கை வீங்கி, அடுத்த அத்தியாயத்தில் பேனா பிடிக்க முடியாமல் திண்டாடுகிறாள்.