ஆடம்டிஎஸ்-13 உங்க கையில சிக்கின கதைய சொல்லுங்க

குளோன் பண்ணவங்க, டெஸ்ட் ஓட்டுனவங்க, இது உடம்புல இல்லாம அவஸ்தப்பட்டவங்க, யாரா இருந்தாலும் எழுதுங்க. தெரியாதவங்களுக்கு: ரத்தம் உறைய உதவுற வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்ங்கற நீளமான புரோட்டீன வெட்டிச் சின்னதாக்குற என்சைம் இது; இது வேல செய்யலன்னா குட்டி ரத்தக்குழாய்கள்ல கட்டி அடைக்கிற டிடிபிங்கற நோய் வரும். நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

பிஎச்டி மூணாவது வருஷம் கைடு கூப்பிட்டு இந்த என்சைமோட முழு சிடிஎன்ஏவையும் (எம்ஆர்என்ஏல இருந்து எடுத்த டிஎன்ஏ பிரதி) ஒரு எக்ஸ்பிரஷன் வெக்டர்ல (ஜீன செல்லுக்குள்ள கொண்டுபோய் புரோட்டீன் செய்ய வைக்கிற டிஎன்ஏ) போட்டுக் குடுன்னாரு. 1427 அமினோ அமிலம், அதாவது கோடிங் பகுதி மட்டும் கிட்டத்தட்ட 4.3 கிலோபேஸ் (4300 எழுத்து). ஜீன் 9ஆவது குரோமோசோம்ல இருக்கு, 29 எக்ஸான். கல்லீரல் சிடிஎன்ஏவ வச்சு ஒரே பிசிஆர்ல (டிஎன்ஏவ பல மடங்கா பெருக்குற முறை) எடுத்துடலாம்னு இறங்கினேன், ஒன்றரை மாசம் ஜெல்ல ஒண்ணுமே வரல, வந்தாலும் கீழ ஏதோ தப்பான பேண்டு. ஜி, சி எழுத்துங்க ரொம்ப அதிகமான ஜீன் இது, டிஎன்ஏ இழை தனக்குத்தானே மடிஞ்சு பாலிமரேஸ வழிமறிச்சு நிக்கும்னு ஒரு சீனியர் அக்கா சொன்னாங்க. அப்புறம் டிஎம்எஸ்ஓ (அந்த மடிப்ப இளக்குற திரவம்) சேத்து, ரெண்டு துண்டா எடுத்து, நடுவுல ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் சைட்ல (டிஎன்ஏவ வெட்டுற என்சைம் வெட்டுற இடம்) ஒட்டினேன். காலனி வந்த அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்த இப்ப சொன்னாலும் யாருக்கும் புரியாது.

ஆனா கதை அங்கதான் ஆரம்பிச்சுது. ஹெக்-293ங்கற மனுஷ செல்லுல டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணி (அதாவது ஜீன உள்ள போட்டு), மூணு நாள் கழிச்சு மீடியாவ (செல் வளர்ற திரவம்) எடுத்து வெஸ்டர்ன் (ஆன்டிபாடி வச்சு புரோட்டீன கண்டுபிடிக்கிற டெஸ்ட்) ஓட்டினா சுத்தமா ஒண்ணும் இல்ல. செல்ல உடைச்சுப் பாத்தா உள்ள பேண்டு இருக்கு. புரோட்டீன் உருவாகுது, ஆனா வெளிய வரல. முழு இன்சர்ட்டையும் மறுபடி சீக்வென்ஸ் பண்ணதுல பின்பக்கம் இருக்குற ஒரு திராம்போஸ்பாண்டின் ரிப்பீட்ல (இந்த புரோட்டீன்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு பகுதி) ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, ஜி இருக்கவேண்டிய இடத்துல ஏ, அதனால சிஸ்டீன் போய் டைரோசின். பிசிஆர் செஞ்ச தப்பு. ரெண்டு சிஸ்டீன இணைக்கிற ஒரு டைசல்ஃபைடு பாலம் போச்சுன்னா அந்த ரிப்பீட் ஒழுங்கா மடியாது, மடியாதத செல் வெளிய விடாது. அன்னைக்கு ராத்திரி 2001ல வந்த லெவி குழுவோட பேப்பர மறுபடி படிச்சேன். பரம்பரையா டிடிபி இருக்குற குடும்பங்கள்ல 15 நோய் அலீல்ல (ஜீன் பிரதியில) 14க்கு காரணமா 12 மியூட்டேஷன கண்டுபிடிச்சிருந்தாங்க, அதுல சிலது இதே மாதிரி சிஸ்டீன் போன கேஸ். என் டிஷ்ல தற்செயலா நடந்த தப்பு ஒருத்தர் உடம்புல பொறந்ததுல இருந்து இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் சரியான குளோன் கெடச்சு மீடியால 190 கிலோடால்டன் பக்கம் பேண்டு வந்துச்சு. வெறும் அமினோ அமிலத்த கூட்டினா 145 தான் வரும், மீதிக்கு மேல ஒட்டியிருக்குற சர்க்கரைதான் காரணம்.

*

அக்கா, உங்களோடது முழு நீளம், என்னோடது வெட்டி வெட்டி பாத்த கதை. டொமைன் (புரோட்டீனோட தனித்தனி பகுதி) வரிசை தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன்: சிக்னல் பெப்டைடு, குட்டியா ஒரு புரோபெப்டைடு, மெட்டலோபுரோட்டியேஸ், டிஸின்டெக்ரின் மாதிரி ஒண்ணு, ஒரு திராம்போஸ்பாண்டின் ரிப்பீட், சிஸ்டீன் அதிகமா இருக்குற பகுதி, ஸ்பேசர், அப்புறம் இன்னும் ஏழு ரிப்பீட், கடைசியா ரெண்டு கப் டொமைன். மனுஷங்ககிட்ட இந்த ஆடம்டிஎஸ் என்சைம் குடும்பத்துல 19 பேரு இருக்காங்க, கப் டொமைன் இருக்குறது இந்த ஒருத்தனுக்கு மட்டும்தான்.

வெட்டுற வேலை மெட்டலோபுரோட்டியேஸ்லதானே நடக்குது, துத்தநாகத்த புடிச்சுக்கிட்டிருக்குற மூணு ஹிஸ்டிடினும் அங்கதான் இருக்கு, அப்ப அத மட்டும் எடுத்தா போதும்னு நெனச்சேன். போதல. வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர பக்கத்துல வச்சு ராத்திரி முழுக்க விட்டாலும் வெட்டு விழல. பின்னாடி ஒவ்வொரு டொமைனா சேத்துக்கிட்டே போனேன், ஸ்பேசர் வரைக்கும் வந்ததும் சட்டுனு வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சு. வெட்டுற இடம் வான் வில்லிபிராண்டோட ஏ2 டொமைன்ல 1605 டைரோசினுக்கும் 1606 மெத்தியோனினுக்கும் நடுவுல இருக்கு, ஆனா ஸ்பேசர் போய் ஒட்டுறது அந்த இடத்துல இல்ல, அதுக்கு ரொம்ப பின்னாடி வர்ற ஹெலிக்ஸ்ல. அதாவது என்சைம் தன் இரைய பல இடத்துல கை வச்சு புடிச்சிக்கிட்டு அப்புறம்தான் வெட்டுது. கத்தி மட்டும் இருந்து புடிக்கிற கை இல்லன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொன்னு, கப் டொமைன வெட்டி எடுத்தா வேகம் கொறையும்னு எதிர்பாத்தேன், கூடுச்சு! வால் மடங்கி வந்து ஸ்பேசர மூடிக்கிட்டு இருக்கு, அத எடுத்துட்டா திறந்துடுது. என் ரிசல்ட்ட நானே நம்பாம மூணு தடவ திரும்ப பண்ணேன், அப்புறம் பாத்தா மத்த லேப்காரங்களும் இதையே எழுதியிருந்தாங்க.

*

ஒரு சந்தேகம், அந்த புரோபெப்டைடு எதுக்கு? மத்த மெட்டலோபுரோட்டியேஸ்ல அதுதானே பூட்டு?

*

இதுல பூட்டு இல்லங்க. 41 அமினோ அமிலம்தான் நீளம், அத எடுத்துட்டாலும் புரோட்டீன் ஒழுங்கா மடிஞ்சு வெளிய வருது, எடுக்காம விட்டாலும் என்சைம் வெட்டுது. ரத்தத்துல எப்பவும் ரெடியாவே சுத்திக்கிட்டு இருக்கு, தடுக்குறதுக்குன்னு தனி இன்ஹிபிட்டரும் இல்ல. கண்ட்ரோல் முழுக்க இரை பக்கம்தான். வான் வில்லிபிராண்ட் சுருண்டு கெடக்குற வரைக்கும் வெட்டுற இடம் உள்ள மறஞ்சிருக்கும், குறுகலான ரத்தக்குழாய்ல வேகமா ஓடும்போது இழுபட்டு விரிஞ்சாத்தான் மாட்டும்.

*

நான் மருத்துவமனை லேப்ல ரொம்ப வருஷமா இருக்கேன். இந்த டெஸ்ட்ட பழைய முறையில ஓட்டின காலம் ஞாபகம் இருக்கு. வான் வில்லிபிராண்ட யூரியா போட்டு விரிச்சு, பேஷன்ட் பிளாஸ்மாவோட ராத்திரி முழுக்க வச்சு, மறுநாள் மல்டிமர் ஜெல் (துண்டுகள அளவுப்படி பிரிக்கிற ஜெல்) ஓட்டி, ரிசல்ட் வர மூணு நாலு நாள் ஆயிடும். அதுக்குள்ள டாக்டர் பிளாஸ்மா மாத்தற சிகிச்சைய ஆரம்பிச்சே ஆகணும், காத்திருக்க முடியாது, சிகிச்சை இல்லன்னா பத்துல ஒன்பது பேர் பொழைக்க மாட்டாங்க. அப்புறம் 73 அமினோ அமிலம் உள்ள குட்டி சப்ஸ்ட்ரேட் (என்சைம் வெட்டுற இரை) வந்துச்சு, ஏ2ல இருந்து வெட்டி எடுத்த துண்டு, வெட்டுப்பட்டா ஒளிரும், ஒரு மணி நேரத்துல ரீடிங். நீங்கள்லாம் டொமைன் டொமைனா வெட்டிப் பாத்ததோட பலன் எங்க மேஜைக்கு இப்படித்தான் வந்துச்சு.

ஒரு சம்பவம் மட்டும் மறக்க முடியல. வேற ஒரு இடத்துல இருந்து வந்த சாம்பிள், ஆக்டிவிட்டி சுத்தமா ஜீரோ. பேஷன்ட்டோட பிளேட்லெட்டும் கொஞ்சம் கம்மி, எல்லாரும் டிடிபின்னே முடிவு பண்ற நெலம. எனக்கு ஏதோ இடிச்சுது, ஸ்மியர் (கண்ணாடித் தகட்டுல தேச்ச ரத்தம்) கேட்டேன், டிடிபின்னா இருக்கவேண்டிய உடைஞ்ச சிவப்பணு ஒண்ணுகூட இல்ல. டியூப் எதுன்னு விசாரிச்சா ஈடிடிஏ டியூப்ல எடுத்து, பிளாஸ்மாவ பிரிச்சு வேற குப்பியில ஊத்தி அனுப்பியிருக்காங்க. ஈடிடிஏ துத்தநாகத்தையும் கால்சியத்தையும் புடுங்கிடும், அது ரெண்டும் இல்லாம இந்த என்சைம் செத்த மாதிரிதான். சிட்ரேட்ல மறுபடி எடுத்தா நார்மல். அன்னையில இருந்து பத்து சதவீதத்துக்குக் கீழ எந்த ரிசல்ட் வந்தாலும் டியூப் என்ன, பிளாஸ்மா ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்ததா பின்னாடியான்னு கேக்காம நான் கையெழுத்து போடறதில்ல.

*

உங்க எல்லாரோட பதிவையும் படிச்சுட்டு தயங்கித் தயங்கி எழுதறேன், நான் சயின்ஸ் படிச்சவ இல்ல. என் தங்கச்சிக்கு பொறவியிலேயே இந்த என்சைம் இல்ல, அப்ஷா ஷுல்மன் சின்ட்ரோம்னு சொன்னாங்க. பொறந்தப்பவே மஞ்சக்காமாலை அதிகமா இருந்துச்சு, ரத்தம் மாத்தினாங்க, அப்புறம் பல வருஷம் பிளேட்லெட் கம்மின்னு மட்டுமே சொல்லி வேற வேற மருந்து குடுத்தாங்க, அந்த வருஷங்கள நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. கர்ப்பமா இருந்தப்பதான் பெரிய அட்டாக் வந்து உண்மை தெரிஞ்சுது. ஜீன் டெஸ்ட்ல அப்பாகிட்ட இருந்து ஒரு மாற்றம், அம்மாகிட்ட இருந்து இன்னொரு மாற்றம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பிளாஸ்மா ஏத்திக்கிட்டா நல்லா இருக்கா. என்சைம் ரெண்டு மூணு நாள்ல பாதியா கொறஞ்சாலும் கொஞ்சூண்டு இருந்தாலே போதும்னு டாக்டர் சொன்னாரு. 2023ல அமெரிக்காவுல அனுமதி கெடச்ச அந்த செயற்கை என்சைம், அதுவும் இங்க அக்கா பண்ண மாதிரி ஜீன செல்லுக்குள்ள போட்டு எடுக்கறதுதானா?

*

ஆமாங்க, அதேதான். சிடிஎன்ஏவ பாலூட்டி செல்லுல போட்டு, மீடியால வர்றத சுத்தம் பண்ணி எடுக்கறது. தங்கச்சிக்கு என் அன்ப சொல்லுங்க.

நான் பாத்தது இன்னொரு வகை டிடிபி, ஜீன் சரியா இருக்கும், ஆனா உடம்பே என்சைமுக்கு எதிரா ஆன்டிபாடி செய்யும். பேஷன்ட் சீரம எடுத்து ஒவ்வொரு டொமைன் துண்டோடயும் சேத்துப் பாத்தா திரும்பத் திரும்ப ஸ்பேசர்லதான் விழுது, அதுலயும் 660, 661, 665 சுத்தி இருக்குற சின்ன இடம். மேல ஒருத்தர் சொன்னாரே புடிக்கிற கைன்னு, அந்த கையத்தான் ஆன்டிபாடி போய் மறைக்குது. அந்த இடத்துல அமினோ அமிலத்த லேசா மாத்தினா ஆன்டிபாடிக்கு தப்பிச்சு ஆனா வெட்டுற வேலையும் கெடாத என்சைம் கெடைக்குதுன்னு வேற குழு காட்டியிருக்காங்க, நானும் அத செஞ்சு பாத்தேன், சில பேஷன்ட் சீரத்துல வேல செஞ்சுது, சிலதுல செய்யல, அவங்களுக்கு ஆன்டிபாடி கப் பக்கமும் இருந்துச்சு.

*

முதல் பதிவு போட்ட அக்காவுக்கு, நான் இப்ப அதே பிசிஆர்ல மாட்டிக்கிட்டு இருக்கேன், ஜெல்ல அதே கீழ் பேண்டு. டிஎம்எஸ்ஓ எவ்வளவு போட்டீங்க?

*

5 சதவீதம்பா. போட்டா பிரைமர் ஒட்டுற டெம்பரேச்சர ரெண்டு மூணு டிகிரி கொறச்சுக்கோ, தப்பு கம்மியா பண்ற பாலிமரேஸ் எடுத்துக்கோ, காலனி வந்ததும் முழு 4.3 கிலோபேஸும் சீக்வென்ஸ் பண்ணிட்டு அப்புறம் செல்லுல போடு.