பூ வாசம் இல்ல, காம்பு வாசம்: டிரையட் செண்ட் போட்டுப் பார்த்த அனுபவம்

பூக்கடை வீட்டுப் பொண்ணு, ஜார்ஜ்டவுன்

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. நீங்க எல்லாம் ஊது (அகில்), சந்தனம், அத்தர்னு எழுதறத ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், ஆனா நான் ஒரு வரி கூட எழுதுனது இல்ல, ஏன்னா எனக்கு செண்ட்டே புடிக்காது. எங்க அம்மாவுக்கு மலேசியா, பினாங்கு லிட்டில் இந்தியாவுல பூக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பைய மூலைல போட்டுட்டு நேரா பூ முன்னால உக்காந்துடுவேன், தைப்பூசம் வந்தா மூனு நாளைக்கு தூக்கமே கிடையாது, மல்லி, சம்பங்கி, செவ்வந்தினு அந்த இனிப்பு வாசத்துலயே வளந்துட்டு மேல வேற காசு குடுத்து இனிப்பு வாசத்த வாங்கிப் பூசிக்கனும்னா எனக்கு முடியல, அவ்ளோதான்.

ஒன்னு சொல்றேன், பூ வாங்கறவங்களுக்கு இது தெரியாது. பூ கட்டறவங்க கையில பூ வாசம் இருக்காது. காம்பு வாசம்தான் இருக்கும். நாள் முழுக்க காம்பு கிள்ளி கிள்ளி விரல் நுனியெல்லாம் பச்சையா கறை புடிச்சு பொறகு கறுத்துப் போயிரும், சோப்பு போட்டாலும் போகாது. வாழை நார் ஈரமா ஒரு வாசம், மரிக்கொழுந்து நசுங்குனா ஒரு வாசம், சம்பங்கி தண்டு நிக்கிற வாளித் தண்ணிக்கு தனியா ஒரு வாசம். எனக்கு வீட்டு வாசம்னா அதுதான். அத யாராச்சும் பாட்டில்ல அடைப்பாங்கன்னு நான் நெனச்சுப் பார்த்ததே இல்ல.

போன தீபாவளிக்கு எங்க அத்தை மக இங்கிலாந்துலேர்ந்து வந்தா. ஒரு குட்டி ஸ்ப்ரே பாட்டில், 5 மில்லிதான், கையில குடுத்து "உனக்கு இது புடிக்கும், புடிக்கலைனா நான் செண்ட் பத்தி உன்கிட்ட இனிமே பேசவே மாட்டேன்"னா. பேரு டிரையட். பெரிய கம்பெனி இல்ல, பப்பிலோன் ஆர்ட்டிசன் பெர்ஃப்யூம்ஸ்னு சின்ன கம்பெனி, லிஸ் மூர்ஸ்னு ஒரு அம்மா தெக்கு இங்கிலாந்துல நியூ ஃபாரஸ்ட் பக்கம் இருந்துகிட்டு கலக்கறாங்க. இத 2017ல வெளியிட்டிருக்காங்க. டிரையட்னா கிரேக்கத்துல மரத்துல குடியிருக்கற பொண்ணாம், நம்ம பாஷைல அணங்குன்னு சொல்லலாம்னு நெனக்கிறேன்.

மணிக்கட்டுல ஒரு தடவ அடிச்சேன். மொத மூக்குல வந்தது என்னன்னா பயத்தங்காய பச்சையா முறிச்சா டப்புனு ஒரு வாசம் வரும் பாருங்க, அது. இனிப்பே கிடையாது, கசப்பு, கொஞ்சம் மெழுகு மாதிரி. நான் கைய தள்ளி வச்சேன், பொறகு திரும்ப மோந்தேன், பொறகு அத்தை மக சிரிக்கறா, நான் விடாம மோந்துகிட்டே இருக்கேன். ஒரு இருபது நிமிஷம் போனதும் கசப்பு எறங்கி உள்ளேர்ந்து ஒரு பூ எட்டிப் பாக்குது, நார்சிசஸாம், நம்ம ஊர்ல இல்லாத பூ, ஆனா அது மாலைல இருக்கற பூ மாதிரி இல்ல, செடியோட, தண்டோட, கீழ வைக்கோல், மாட்டுக்கொட்டாய் எல்லாம் சேந்து வர்ற பூ.

அப்ப அம்மா அடுப்படிலேர்ந்து வந்தாங்க. செண்ட்டு பத்தி அவங்களுக்கு ஒன்னும் சொல்லல நாங்க. என்ன தாண்டிப் போனவங்க நின்னு திரும்பி "சம்பங்கி வாளிக்கு யாருடி தண்ணி மாத்தல?"ன்னாங்க. வீட்டுல அன்னிக்கு ஒரு சம்பங்கி கூட இல்ல.

எனக்கு கண்ணு கலங்கிருச்சு, நெசமா சொல்றேன். இங்கிலாந்துல ஒரு காட்டுப் பக்கம் உக்காந்துகிட்டு யாரோ ஒரு அம்மா செஞ்சது, எங்கம்மா பினாங்குல அத வாளித் தண்ணின்னு கண்டுபுடிக்கறாங்க. அன்னிக்கு ராத்திரியே உள்ள என்னென்ன இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். அந்த பயத்தங்காய் வாசத்துக்கு காரணம் கல்பனம்னு ஒரு பிசின். ஈரான் பக்கத்துல வெளையற ஃபெருலா செடிலேர்ந்து எடுக்கறது. ஃபெருலா என்ன செடின்னு பாத்தா, பெருங்காயமும் அதே ஃபெருலா குடும்பம்தான்! நம்ம ரசத்துல போடற பெருங்காயத்துக்கு ஒன்னுவிட்ட தம்பி இது. அடுத்து ஓக்மாஸ். பேருதான் பாசி, உண்மைல அது ஓக் மரத்துப் பட்டைல படர்ற லைக்கன், நம்ம கல்பாசி மாதிரி ஒரு வகை. கறிக்கு தாளிக்கறப்ப போடுவோமே அந்த கல்பாசி. அதுக்கு அடுத்து வெட்டிவேர், அத நான் சொல்லனுமா, இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் வெட்டிவர்னு சொல்ற சொல்லே நம்ம தமிழ்லேர்ந்து போனதுதான். ஆக ஒரு இங்கிலீஷ் காட்டு வாசம்னு நான் நெனச்சது பாதி எங்க அஞ்சறைப் பெட்டிலயும் மீதி எங்க பூக்கூடைலயும் இருக்கு.

உங்கள்ள யாராச்சும் இந்த மாதிரி பச்சை வாசனை போட்டிருக்கீங்களா? கடைல "கிரீன்"னு கேட்டா ஆப்பிள், வெள்ளரிக்காய், கிரீன் டீனு சோப்பு மாதிரி குடுக்கறாங்க. அது இல்ல நான் கேக்கறது.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்

தங்கச்சி, மொத தடவ எழுதறதுக்கே இப்படி எழுதிட்ட, ரெண்டு தடவ படிச்சேன். எனக்கு செண்ட் பித்து இருபது வருஷமா இருக்கு, கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா அத்தர் கடைங்கள்ல ஆரம்பிச்சது. பச்சை வாசனைக்கு ஒரு வரலாறு இருக்கு, கேளு. 1947ல பால்மேன் கம்பெனிக்காக ஜெர்மேன் செல்லியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரம்மா வான் வேர்னு ஒன்னு செஞ்சாங்க, பச்சைக் காத்துனு அர்த்தம், போர் முடிஞ்சு ரெண்டு வருஷத்துல. அதுல கல்பனத்த யாரும் போடாத அளவுக்கு அள்ளிப் போட்டாங்க. பொறகு ஷனேல் நம்பர் 19, அதுலயும் கல்பனம்தான், ஆனா கூட ஐரிஸ் கிழங்கு சேந்து பவுடர் போட்ட மாதிரி அடக்கமா இருக்கும். ஆகஸ்ட் 19 கம்பெனிய ஆரம்பிச்ச கோகோ ஷனேலோட பொறந்த நாளு, அதான் அந்த நம்பர். நம்பர் 19 எங்கிட்ட இருக்கு, ஒரு கல்யாணத்துக்கு போட்டுட்டுப் போகலாம். டிரையட் அப்படி இல்ல, அது காட்டுல எறங்குன பொண்ணு. ஒரு தடவ மோந்திருக்கேன், மறக்கல.

ஆனா நீ எழுதுனதுல ஒன்னு விட்டுட்ட. கல்பனத்த எப்படி எடுக்கறாங்கன்னு பாத்தியா? செடியோட அடித்தண்ட கீறி விடுவாங்க, பால் வடியும், காஞ்சு பிசினாகும், அத சொரண்டி எடுத்து ஆவில வடிச்சு எண்ணெய் எடுக்கறது. இத மொத மொத படிச்சப்ப எனக்கு எங்கப்பாதான் ஞாபகம் வந்தாரு. சிலாங்கூர்ல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, காலைல அஞ்சு மணிக்கு உளிய எடுத்துகிட்டு கெளம்புவாரு. அங்க ஈரான்ல ஒருத்தரு செடிய கீறறாரு, இங்க எங்கப்பா கித்தா மரத்த கீறறாரு. ரெண்டுமே பால்தான்.

எங்கம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. லாலான் புல்லு வெட்டிட்டு வந்து சேலைய அவுத்து கொடில போட்டா அந்த பச்சை வாசம் நாங்க இருந்த லயத்து வீட்டு வரிசை முழுக்க இருக்கும். அது ஏன் வருதுன்னு பெரியவனானதுக்கு பொறகுதான் தெரிஞ்சிகிட்டேன். புல்லு சும்மா நிக்கறப்ப அந்த வாசம் வராது. வெட்டுப்பட்டு செல்லு ஒடஞ்சதும் உள்ள இருக்கற கொழுப்பு அமிலத்த என்சைம் ஒடைக்கும், கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஹெக்ஸெனல்னு ஒன்னு, அதே மாதிரி இலை ஆல்கஹால்னு இன்னொன்னு, இதெல்லாம் காத்துல கெளம்பிரும். செண்ட் செய்யறவங்க பச்சைக்கு போடற மருந்து இந்த இலை ஆல்கஹால்தான். புழு கடிச்சாலும் செடி இதே வாசத்த விடும், அந்த வாசத்த புடிச்சிகிட்டு புழுவ திங்கற குளவி தேடி வருமாம். உங்க கடைல நீ காம்பு கிள்றப்ப வர்றதும் இதே கூட்டம்தான் தங்கச்சி. அதான் உங்கம்மா மூக்கு ஏமாந்து போச்சு. ஏமாந்துச்சுன்னு கூட சொல்லக்கூடாது, சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

பட்டர்வொர்த் அக்கா

எனக்கு மட்டும்தான் புடிக்கலையா? நான் உள்ளத சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாம்பிள் செட் ஒன்னு வாங்குனப்ப அதுல டிரையட் இருந்துச்சு. பாவக்கா ஜூஸ். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. வூட்டுக்காரரு "மருந்துக்கடைக்கு போய்ட்டு வந்தியா"ன்னாரு. ஆபிஸ்ல பக்கத்து சீட்டு மலாய்க்கார அக்கா நல்லவங்க, ஒன்னும் சொல்லல, ஆனா ஏர்கோன் பக்கம் தள்ளி உக்காந்தாங்க. ஆனா ஒன்னு, சாயங்காலம் ஃபெரில திரும்ப வரப்ப காத்து அடிச்சதுல சட்டைக் காலர்லேர்ந்து ஒரு வாசம் வந்துச்சு பாருங்க, காஞ்ச இலை, ஈரப் பட்டை, அப்படி, அது நல்லா இருந்துச்சு, அந்த ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும். அதுக்காக எட்டு மணி நேரம் பாவக்காய தாங்கனுமா? தங்கச்சி, நீ எவ்ளோ அடிக்கற, எங்க அடிக்கற? நம்ம ஊர் வேர்வைக்கு இது சரி வருமா?

பூக்கடை வீட்டுப் பொண்ணு, ஜார்ஜ்டவுன்

அக்கா, தப்பா எடுக்க என்ன இருக்கு. பாவக்கானு நீங்க சொன்னது எனக்கும் ஒத்துப் போகுது, அந்த கசப்பு அதுல நெசமாவே இருக்கு, அத மறைக்கவே இல்ல அவங்க. எனக்கு அது பழகுன கசப்பு, உங்களுக்கு இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

நான் எப்படி போடறேன்னா, ஒரே ஒரு ஸ்ப்ரே. கழுத்துல போடறதே இல்ல, நம்ம சூட்டுல கழுத்துல போட்டா எல்லாம் ஒட்டுக்கா மூஞ்சில அடிக்கும். முழங்கைக்கு உள்பக்கம், இல்லைனா பருத்தித் துணில, துப்பட்டா முனைல. மேல இருக்கற பச்சையெல்லாம் லேசான சரக்கு, சூடான தோல்ல சீக்கிரம் பறந்துரும், பிசினும் பாசியும் வேரும் கனம், அது தங்கும். துணில போட்டா அந்த பச்சை கொஞ்சம் கூட நேரம் நிக்குது. ஃபெரில உங்களுக்கு வந்தது அந்த கனமான அடி வாசம்தான்னு நெனக்கிறேன். அது மட்டும் வேணும்னா காலைல குளிக்கறதுக்கு முன்னாலயே சட்டைல அடிச்சு ஃபேன் கீழ மாட்டிருங்க, கெளம்பறப்ப கசப்பு பாதி போயிருக்கும். ஏர்கோன் ரூம்ல வேணாம், அங்க காத்து சுத்தி சுத்தி பக்கத்து ஆளுக்குத்தான் போகும். மழை பேஞ்சு விட்ட சாயங்காலத்துல போட்டுப் பாருங்க அக்கா, ஒரே ஒரு தடவ.

அண்ணே, பால்மரக் கதைய அம்மாவுக்கு படிச்சுக் காட்டுனேன். எங்க பாட்டியும் கெடாவுல தோட்டத்துலதான் இருந்தாங்க, அம்மா கல்யாணம் பண்ணித்தான் பூ வேலைக்கு வந்தது. அம்மா ரொம்ப நேரம் ஒன்னும் பேசல, பொறகு அந்த குட்டி பாட்டில கேட்டாங்க. மூடிய மட்டும் தொறந்து மோந்து பாத்துட்டு "இதுல மரிக்கொழுந்து இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, அதுல டாரகன்னு ஒரு தழை இருக்குன்னு தேடிச் சொன்னேன். மறுபடி தேடுனா டாரகன் ஆர்ட்டிமீசியா குடும்பம், நம்ம மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமீசியா. அம்மா பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போட சரி. அந்த மூக்குக்கு யாரும் சர்ட்டிபிகேட் குடுக்கல.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்

அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லு. இனிமே ஒரு செண்ட்ல என்னென்ன வாசம் இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியலைனா உங்க கடைக்குத்தான் அனுப்பனும்.

ஓக்மாஸ் பத்தி ஒன்னு, இத புதுசா வர்றவங்க தெரிஞ்சிக்கனும். பழைய காலத்து ஓக்மாஸ் வாசம் இப்ப வர்ற செண்ட்ல அப்படியே கெடைக்காது. அதுல அட்ரனால், குளோரோஅட்ரனால்னு ரெண்டு சரக்கு தோல்ல அலர்ஜி உண்டாக்கும், அதனால 2017ல ஐரோப்பாவுல அத தடை பண்ணி சட்டம் போட்டாங்க. அந்த ரெண்டையும் எடுத்துட்டு சுத்தம் பண்ணுன ஓக்மாஸத்தான் போடறாங்க. பெரிய கம்பெனி நெறைய பேரு பாசிய கொறச்சுகிட்டாங்க, சின்ன கம்பெனிக்காரங்கதான் எப்படியாவது அந்த காட்டு மண்ண திரும்ப கொண்டு வரனும்னு மல்லுக்கு நிக்கறாங்க. அதான் எனக்கு அவங்க மேல மரியாதை.

நீ கல்பாசினு சொன்னதுலேர்ந்து எனக்கு அரிப்பா இருக்கு. எங்கிட்ட ஒரு துளி ஓக்மாஸ் அப்சொலூட், அதாவது அதோட கெட்டிச் சாறு, இருக்கு. அடுத்த வாரம் பினாங்கு வரேன், என் கூடப் பொறந்த தங்கச்சி வீட்டு விசேஷம். கல்பாசியும் அதுவும் பக்கத்துல பக்கத்துல வச்சு உங்கம்மாகிட்ட குடுக்கனும், என்ன சொல்றாங்கன்னு பாக்கனும்.

பட்டர்வொர்த் அக்கா

நானும் வரேன். பாவக்கா சாம்பிள் மீதி இருக்கு, கொண்டு வரேன், பாதிக்கு மேல இருக்கு, அந்தப் பொண்ணே வச்சிக்கட்டும்.

பூக்கடை வீட்டுப் பொண்ணு, ஜார்ஜ்டவுன்

வாங்க வாங்க, வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், கடைல நிக்க நேரம் இருக்காது. செவ்வாய் மத்தியானம் சரியா இருக்கும். அண்ணே, கல்பாசிய இங்கயே வாங்கிக்கலாம், நீங்க கொண்டு வர்றதா இருந்தா வறுக்காம கொண்டாங்க, சட்டில பட்டா அது வேற வாசம். அக்கா, அந்த பாட்டில பூ வைக்கிற பொட்டில வச்சிக்கறேன், அங்கதான் குளிரா இருக்கும்.