சேம்பரில் காலி கேஸ் சிக்கினால்: போல்ட் எந்த இடத்தில் இறுகுகிறது?

ரெமிங்டன் 700 ரைஃபிள் அமைப்பு, .308 வின்செஸ்டர் தோட்டா, புதிதாகச் செய்து ஏற்றிய பேரல். ஃபேக்டரி தோட்டா தடையில்லாமல் வெளியே வருகிறது. கையால் நிரப்பியதும் முதல் இரண்டு சுற்றுக்கு (அதே கேஸை மறுபடி நிரப்பிச் சுடுவது ஒரு சுற்று) ஒழுங்கு. மூன்றாம் சுற்றிலிருந்து போல்ட்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உருளை) கைப்பிடி முக்கால் தூரம் லேசாக எழும்பி, உச்சியில் ‘டக்’கென்று இடிக்கிறது. பத்துக்கு இரண்டு கேஸ் (சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு) சேம்பருக்குள்ளேயே, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையிலேயே நின்றுவிடுகிறது. ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஓரம் தட்டையாகவில்லை, அதனால் அழுத்தம் கூடியதாகத் தெரியவில்லை. சேம்பரைப் பாலிஷ் போட்டால் சரியாகுமா?

* * *

பாலிஷைக் கடைசிக்கு வையுங்கள் சார். சேம்பரில் எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

கைப்பிடி எங்கே இறுகுகிறது என்பதே பாதி விடை. தூக்க ஆரம்பிக்கும்போதே கனமாக இருந்தால் அழுத்தம் மீறியிருக்கலாம், அல்லது லக்குகள் (போல்ட்டைப் பூட்டும் பற்கள்) உட்காரும் இடத்தில் மசகு இல்லாமல் உராயலாம். அழுத்தம் என்ற சந்தேகம் வந்தால் அந்தத் தோட்டாக்களை அப்படியே ஒதுக்கிவையுங்கள். .308-க்கு சாமி (SAAMI, அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு) நிர்ணயித்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. ப்ரைமரின் தோற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம். கெட்டியான ப்ரைமர் கடைசிவரை நல்ல பிள்ளையாகவே தெரியும். கேஸ் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் முள்) துளையின் பளபளப்பான வட்டம் பதிகிறதா, குரோனோகிராஃபில் (வேகமானி) புல்லட் வேகம் நிரப்பு அட்டவணையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வெடிமருந்தைக் குறைத்து, அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும்.

உங்களுடையது உச்சியில் வரும் ‘டக்’. அது வேறு வழக்கு.

* * *

அந்த ‘டக்’ ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சுடும்போது பித்தளை விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டுகிறது. எஃகுச் சுவரும் துளி விரிகிறது. அழுத்தம் இறங்கியதும் இரண்டுமே சுருங்கும். நல்ல நிலையில் பித்தளை எஃகைவிட அதிகமாகச் சுருங்கி, மயிரிழை இடைவெளி விடும். அடிப்பகுதி ஏற்கெனவே சுவரைத் தொடும் அளவுக்குப் பருத்திருந்தால் அந்த இடைவெளிக்கு இடமே இல்லை. எஃகு திரும்பி வந்து பித்தளையைக் கவ்விக்கொள்கிறது.

கேஸின் மேல்பகுதியை எல்லா டையும் (சுட்ட கேஸை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) நன்றாக அமுக்கும். அடிக்குச் சற்று மேலே சுவர் தடித்த இடத்தில்தான் பல டைகள் தோற்கின்றன. பேரல் செய்தவர் இறுக்கமான ரீமர் (சேம்பரைக் குடையும் கருவி) போட்டு, டை பொது அளவில் இருந்தால் இந்தக் கோளாறு மெதுவாகத்தான் தலைகாட்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கும். முதல் இரண்டு சுற்று ஒழுங்காக இருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அளந்து பாருங்கள். கேஸின் அடித்தளத்திலிருந்து 0.200 அங்குலம், சுமார் 5 மில்லிமீட்டர், மேலே. வெர்னியர் போதாது, 0.0001 அங்குலம் காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். சுட்ட கேஸ், டையில் அமுக்கிய கேஸ் இரண்டையும் அதே கோட்டில் அளக்கவும். அமுக்கியது குறைந்தது 0.0005 அங்குலம் சிறுத்திருக்க வேண்டும், 0.001 இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு கேஸையும் 90 பாகை திருப்பி இன்னொரு தடவை அளங்கள். சுட்ட கேஸின் இரண்டு அளவும் வேறுபட்டால் சேம்பர் வட்டமாக இல்லை என்று சந்தேகிக்கலாம். ரீமர் நேராகப் பிடிக்கப்படாமல் பின்வாய் அகன்றிருக்கும். அதற்கு டை மாற்றி ஒன்றும் ஆகாது, பேரலை மறுபடி லேத்தில் கட்ட வேண்டும்.

* * *

டை மேல் பழி போடுமுன் போல்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள். தூக்கலின் கடைசிப் பகுதியில் கைப்பிடியின் அடிப்புறம் ரிசீவரின் (போல்ட் ஓடும் கூடு) பின்பாலத்தில் உள்ள சரிவில் ஏறி, போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். கேஸை முதலில் நெகிழ்த்துவது அந்த நெம்புதல்தான். லக்குகளைச் சமன்செய்ய லேத்தில் சீவியிருந்தால் போல்ட் அந்த அளவு பின்வாங்கும், கைப்பிடிக்கும் சரிவுக்கும் இடையே இடைவெளி கூடும். அப்புறம் நெம்புதல் குறைந்துபோய், கேஸை உருவுகிற வேலை முழுதும் உங்கள் கை மேல் விழும்.

சோதிக்கும் முறை: துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, ஃபயரிங் பின் தொகுப்பைக் கழற்றுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் இறுக்கத்தின் கனமும் சேர்ந்து குழப்பும். போல்ட்டை மூடி, கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளியபடியே கைப்பிடியைத் தூக்குங்கள். உச்சிக்கு வரும்போது போல்ட் விரலை எதிர்த்துப் பின்னே நகர வேண்டும். நகரவில்லை என்றால் கைப்பிடியைப் பிரித்து முன்தள்ளி வெல்டு செய்ய வேண்டும். பழகிய ஆளிடம் மட்டும் கொடுங்கள். சூடு முன்புறம் ஏறி லக்குகளின் கடினம் போய்விட்டால் போல்ட்டே வீண்.

* * *

சேம்பரின் உள்முகத்துக்கு மார்க்கர் சோதனை நல்லது. சுட்ட கேஸ் முழுக்கப் பெர்மனன்ட் மார்க்கரால் கறுப்பு பூசி, காயவிட்டு, கையால் சேம்பருக்குள் தள்ளி உருவுங்கள். அடியில் வளையமாகத் தேய்ந்தால் பருத்த அடி. உடலில் ஒரே உயரத்தில் மெல்லிய வளையக் கீறல் எல்லா கேஸிலும் வந்தால் ரீமருக்குள் சிக்கிய சீவல் போட்ட வரி. இந்த இரண்டாவதற்குத்தான் பாலிஷ்: 320, பிறகு 400 உப்புத்தாள், எண்ணெய் விட்டு, பேரல் லேத்தில் சுற்றும்போது சில வினாடிகள். தோள் (முன்னே குறுகத் தொடங்கும் சரிவு), கழுத்துப் பக்கம் தொடக்கூடாது. கண்ணாடி மாதிரி ஆக்காதீர்கள். சுவரைப் பிடிக்கப் பித்தளைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும், இல்லையென்றால் உதைப்பு முழுதும் போல்ட் மேல் விழும். சேம்பரில் எண்ணெய் மிஞ்சினாலும் இதே கேடு. சுடுமுன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அனீலிங் (பித்தளையைச் சூடாக்கி இளக்குவது) செய்பவர்கள் சூட்டைக் கழுத்து, தோளோடு நிறுத்துங்கள். உடல் வரை இளகினால் பித்தளை சுருங்கும் குணத்தை இழக்கும். அதுவும் ஒட்டும்.

* * *

உள்ளே நின்றுவிட்ட கேஸை எடுக்க ரப்பர் சுத்தியலால் போல்ட் கைப்பிடியை அடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சால்டர் விட்டுக் கைப்பிடி கழன்றுவிடும், அல்லது எக்ஸ்ட்ராக்டர் (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) கேஸின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

முதலில் அது வெறும் கேஸ்தானா என்று தெரிய வேண்டும். துப்பாக்கியின் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல், ஒதுங்கி நின்று க்ளீனிங் ராடை வாய்வழியே மெதுவாக இறக்கி, வாயோரம் ராடில் ஒட்டுநாடாவால் குறியிடுங்கள். பிறகு ராடை வெளியே பேரல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுட்ட கேஸ் என்றால் ராடின் நுனி கேஸுக்குள் நுழைந்து போல்ட் முகத்துக்கு அருகே நிற்கும். புல்லட் உள்ள தோட்டா என்றால் அதற்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் முன்னாலேயே முட்டும். அப்படி முட்டினால் தட்டவே கூடாது. ராடை எடுத்துவிட்டு, உள்ளே தோட்டா இருப்பதைச் சொல்லி ஆயுதப் பட்டறை ஆளைக் கூப்பிடுங்கள். வெறும் கேஸ் என்றால் பித்தளை முனை போட்ட ராடால் லேசாகத் தட்டினாலே வந்துவிடும்.

* * *

அளந்தேன். சுட்டது 0.4712, அமுக்கியது 0.4709. திருப்பி அளந்தாலும் அதே. போல்ட் விரலை எதிர்த்துப் பின்னே தள்ளுகிறது. மார்க்கர் அடியில் மட்டும் வளையமாகத் தேய்ந்திருக்கிறது.

* * *

அப்படியானால் டைதான் சார். 0.0003 அங்குலம் போதாது. ‘ஸ்மால் பேஸ்’ டை (அடிப்பகுதியைக் கூடுதலாக அமுக்குவது) வாங்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் மூன்று சுற்று சுட்ட கேஸ்கள் சிலவற்றை டை செய்பவருக்கு அனுப்பி, அந்த அளவுக்கே கடைந்து வாங்கலாம். டையை அமைக்கும்போது தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டுமே பின்போக வேண்டும். அடி சிறுக்கட்டும் என்று டையைக் கண்டபடி கீழே இறக்கினால் தோள் அதிகம் போய், அடிக்கு மேலே கேஸ் மெலிந்து பிளக்கும்.

கையில் இருக்கும் பழைய கேஸ்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கெட்டிக் கம்பியின் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்துக் கூர்தீட்டி, கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கி உரசி இழுங்கள். அடிக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டினால், அந்த கேஸைக் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள்.